குட்டி அல்பாகாவுக்கு ஹால்ட்டர் போட்டதும் படுத்துக்கொள்கிறது, எழவே மாட்டேன் என்கிறது

யார்ரா_கரை | மே 9, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். மெல்போர்னிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி ஏழு ஏக்கர் வாங்கிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. புல்லும் மேயும், நரி வந்தால் கோழிக்குக் கொஞ்சம் காவலாகவும் இருக்கும் என்று மூன்று பெண் அல்பாகா (ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்துப் பிராணி) வாங்கினோம். வாங்கும்போதே இரண்டு சினை. சொல்லித்தான் விற்றார்கள், ஆனாலும் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் குச்சிக்காலில் ஒன்று நின்று ஆடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் அப்படியே டீயை வைத்துவிட்டு ஓடினோம். இப்போது பெண் குட்டி மிளகுக்கு ஆறரை மாதம், கடாக்குட்டி ரவைக்கு ஐந்து மாதம்.

இங்கே ஆஸ்திரேலியாவில் ஜூனில் குளிர்காலம் தொடங்கும். இந்தப் பக்கம் வெயில் போதாது என்பதால் குட்டிகளுக்கு வைட்டமின் டி ஊசி போட வேண்டும், அதிலும் கறுப்பு ரோமம் என்றால் கட்டாயம் என்று எங்கள் வெட் (கால்நடை மருத்துவர்) சொல்லியிருக்கிறார். நகமும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் துரத்திப் பிடிப்பது சரிப்படாது, ஹால்ட்டர் (கயிறு கோத்துக் கூட்டிப்போக முகத்தில் மாட்டும் வார்) போட்டு நடக்கப் பழக்கிவிடலாம் என்று இணையத்தில் 'குட்டி அளவு' என்று போட்டிருந்ததை இரண்டு வாங்கினேன்.

நேற்று ரவைக்குப் போட்டேன். வெளியே கூட்டி வந்து கயிற்றை லேசாக இழுத்தேன். ம்ம்ம் ம்ம்ம் என்று முனகியது. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன், நான்கு காலையும் மடக்கித் தரையில் படுத்துக்கொண்டது. தூக்கி நிறுத்தி மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை முன்காலைத் தூக்கி நேராக மேலே எழும்பி அப்படியே மல்லாக்க விழுந்தது, எனக்கு உயிரே போய்விட்டது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் இன்று என்னைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஆடு வளர்ப்பவர், நல்ல மனிதர், அவர் சொல்கிறார் ஹால்ட்டரைப் போட்டுத் தூணில் ஒரு மணி நேரம் கட்டிவிடு, இழுத்து இழுத்து அதுவே ஓய்ந்துவிடும் என்று. எனக்கு மனசு வரவில்லை. யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.


நொய்யல்காரன் | மே 9, இரவு 10:55

தம்பி, இதுக்கு இத்தனை யோசனை எதுக்குங்க. எங்கள் தோட்டத்தில் காளங்கன்றுக்கு மூக்குக் குத்திக் கயிறு போட்டால் இரண்டு நாள் துள்ளும், மூன்றாம் நாள் பின்னாலேயே வரும். கயிறு யார் கையில் இருக்கிறது என்று மிருகத்துக்குத் தெரிந்தாக வேண்டும். உங்கள் பக்கத்துக்காரர் சொன்னதுதான் சரி.


கேன்டர்பரி_அக்கா | மே 10, காலை 6:30

கட்டாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

நான் நியூசிலாந்து தெற்குத் தீவில் பதினொரு வருடமாக அல்பாகா வைத்திருக்கிறேன், இப்போது கையில் இருபத்தாறு. முதல் மூன்று வருடம் நானும் இழுத்துத்தான் பழக்கினேன், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போதே கொட்டகைக்குப் போய் ஒன்று செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலை ரவையின் இரண்டு கண்களுக்கும் நடுவில் வைத்து மூக்குத்தண்டின் மேல் லேசாக அழுத்தியபடியே கீழே இறக்குங்கள். கொஞ்ச தூரம் கெட்டியாக எலும்பு தட்டுப்படும், அப்புறம் பாதி வழியிலேயே மெத்தென்று ஆகிவிடும், நம் மூக்கு நுனி மாதிரி. அந்த மெத்தென்ற இடம் முழுக்கக் குருத்தெலும்பு. ஹால்ட்டரின் மூக்குப் பட்டை அங்கே போய் உட்கார்ந்தால் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்த மாதிரிதான். அல்பாகா மூக்கால் மூச்சு விடும் பிராணி, வாயால் விடுவது அதற்குக் கடைசி வழி. நீங்கள் கயிற்றை இழுக்க இழுக்கப் பட்டை கீழே வழுக்கும், மூச்சு அடைக்கும், அது பயந்து இன்னும் பின்னால் இழுக்கும், பட்டை இன்னும் இறுகும். மல்லாக்க விழுந்தது பிடிவாதத்தால் என்று நினைத்தீர்களா? மூச்சுக்குத் தவித்திருக்கிறது பாவம்.

இதில் பாதிக் குற்றம் ஹால்ட்டரைத் தைக்கிறவர்களுடையது என்பேன். அல்பாகா தலை கூம்பு மாதிரி, கண் பக்கம் அகலம், வாய்ப் பக்கம் குறுகல். பட்டை மேலே கண்ணருகே உட்கார வேண்டுமென்றால் மூக்கு வளையம் பெரிதாக இருக்க வேண்டும், காதுக்குப் பின்னால் போகும் வார் சின்னதாக வர வேண்டும். கடையில் கிடைப்பதில் பல இதற்கு நேர்மாறாக இருக்கும். மூக்கு வளையம் சின்னது, பின் வார் நீளம். அப்படியிருந்தால் பட்டை மேலே ஏறவே ஏறாது, எத்தனை இறுக்கினாலும் பாதி மூக்கில்தான் நிற்கும்.

சரியாகப் போட்டால் எப்படி இருக்கும் என்றால், கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அகலம் விட்டு மூக்குப் பட்டை. காதுக்குப் பின்னால் உள்ள வார் கச்சிதமாக, ஒரு விரல் மட்டும் நுழைகிற அளவு. தாடைக்குக் கீழே தாராளம், வைக்கோல் கொடுத்தால் மென்று அசை போட முடிய வேண்டும். போட்டு முடித்ததும் பட்டையைப் பிடித்து மூக்கு நுனிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். எலும்பைத் தாண்டி இறங்குகிறதா, அந்த ஹால்ட்டரைக் கழற்றிக் கோழிக்கூண்டுக் கதவு கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மார்ட்டி மெக்கீ பென்னட் என்று ஒரு பயிற்சியாளர், கேமலிடைனமிக்ஸ் என்று தன் முறைக்குப் பெயர் வைத்திருப்பவர், பல வருடமாக இதைத்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கற்றதில் முக்கால்வாசி அவர் வழியில்தான்.

மிச்சத்தை மாலையில் எழுதுகிறேன், இங்கே கறவைக்காரர் வந்துவிட்டார்.


வேல்ஸ்_வெட் | மே 10, மாலை 4:05

அக்கா சொன்ன மூக்கு விஷயத்துக்கு ஒரு கையெழுத்து. நாமக்கல்லில் படிக்கும்போது அல்பாகாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை, இங்கே வந்தபிறகுதான் பழக்கம். ஒட்டகக் குடும்பத்தில் மென் அண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்பக்கத்து மெத்தென்ற பகுதி) நீளம், அதனால் குதிரை மாதிரியே மூக்குதான் பிரதான வழி. அல்பாகா வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஏற்கெனவே பெரிய சிக்கலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விதிவிலக்கு, கோபத்தில் துப்பி முடித்த பிறகு கீழுதடு தொங்கி வாய் ஆவென்று கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அது தன் வாய் நாற்றம் தனக்கே பொறுக்காத நிலை, பயப்பட வேண்டாம்.

கட்டிப்போடுவது பற்றி: நீளமான மெலிந்த கழுத்து, பின்னால் முழு உடம்பின் எடையையும் போட்டு எகிறும் குட்டி, நகராத தூண். கழுத்து எலும்புக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கன்றுக்குட்டியின் கழுத்தோடு இதை ஒப்பிட வேண்டாம், நொய்யல் அண்ணா.

இன்னொன்று. ஹால்ட்டரைக் குட்டியின் முகத்திலேயே விட்டு வைக்காதீர்கள். 'பழகட்டும்' என்று விட்டுவிட்டு மறந்துபோகிறார்கள், குட்டி வளர்கிறது, வார் வளர்வதில்லை. தோலுக்குள் புதைந்துபோனதை வெட்டி எடுத்திருக்கிறேன். கூட இருக்கும்போது மட்டும் போடுங்கள்.


சும்மா_பார்க்கிறேன் | மே 10, மாலை 4:40

தலைப்பைப் பார்த்து வந்தேன். லாமாவும் அல்பாகாவும் ஒன்றா? ஊட்டியில் வளர்க்கலாமா?


பனிவயல் | மே 10, மாலை 5:15

@சும்மா_பார்க்கிறேன், ஒன்று இல்லை. லாமா பெரிசு, நன்றாக வளர்ந்தது 150 கிலோவெல்லாம் போகும், வாழைப்பழம் மாதிரி வளைந்த காது, நீண்ட முகம், சுமை தூக்க வளர்த்தது. அல்பாகா அதில் பாதி எடை, நேரான சின்னக் காது, குட்டை மூஞ்சி, ரோமத்துக்காக வளர்த்தது. லாமா குவனாகோ வழி வந்தது, அல்பாகா விக்குன்யா வழி, இரண்டும் தென் அமெரிக்கக் காட்டு விலங்குகள். 2001ல் மரபணு ஆய்வு வந்த பிறகு அல்பாகாவின் அறிவியல் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஊட்டிக்குத் தனி இழை போடுங்கள்.

யார்ரா, நான் கனடா ஆல்பர்ட்டாவில் லாமா வைத்திருக்கிறேன், ஒன்பது. லாமாவுக்கு மூக்கெலும்பு நீளம் என்பதால் பட்டை உட்கார இடம் இருக்கிறது, அல்பாகா அளவுக்குத் தொல்லை இல்லை. ஆனால் இழுப்பு விஷயம் இரண்டுக்கும் ஒன்றே. கயிற்றை ஒரே சீராக இழுத்துப் பிடித்தால் எந்த மிருகமும் எதிர்ப்பக்கம்தான் சாயும். உங்கள் சட்டைக் காலரை யாராவது முன்பக்கமாக இழுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதேதான். லேசாக ஒரு சைகை, உடனே தளர்வு. அது காலைக்கூட எடுத்து வைக்க வேண்டாம், எடையை முன்னால் மாற்றினாலே போதும், கயிற்றை விட்டுவிட வேண்டும். 'முன்னால் போனால் தளரும்' என்பதை அது கண்டுபிடிக்க வேண்டும், நாம் சொல்லித்தர முடியாது.

நான் கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் போடும் சின்னப் பொருள்) வைத்துப் பழக்குகிறேன். குச்சியின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து, அதை மூக்கால் தொட்டால் ஒரு கிளிக், ஒரு வாய் தீவனம். இரண்டு நாளில் பந்து போகிற இடமெல்லாம் வரும். அப்புறம் ஹால்ட்டர் வளையத்துக்குள் பந்தைக் காட்டினால் மூக்கைத் தானே நுழைக்கும். பார்க்கிறவர்கள் மந்திரம் என்பார்கள்.


கேன்டர்பரி_அக்கா | மே 10, இரவு 8:50

விட்ட இடத்திலிருந்து.

ஐந்து மாதக் குட்டிக்கு நடை பழக்க இப்போது அவசரம் இல்லை. ஆறு மாதத்தை ஒட்டிப் பால் மறக்கும், அது கழிந்து இரண்டு மூன்று வாரம் ஆகட்டும், அதற்குள் மிளகைத் தொடங்கிவிடலாம். ரவைக்கு இப்போது வேண்டியது வேறு. நீங்கள் கிட்ட வந்தால் ஒன்றும் நடக்காது என்ற நம்பிக்கை. முந்தாநாள் அதைக் கொஞ்சம் உடைத்துவிட்டீர்கள், பரவாயில்லை, சேர்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் நாள் பிடிக்கும்.

மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் ஒரு சின்னப் பட்டி கட்டுங்கள். பழைய பலகைத் தட்டி இருந்தால் போதும், உயரம் நெஞ்சளவு வேண்டும். ஐந்தையும் உள்ளே விடுங்கள். ஒன்றை மட்டும் தனியாக ஒருபோதும் அடைக்காதீர்கள், மந்தையை விட்டுப் பிரித்தால் அதன் மூளையில் பாதி 'நான் தின்னப்படப் போகிறேன்' என்ற நினைப்பிலேயே இருக்கும். பெரிய வெளியில் துரத்திப் பிடிப்பவர்கள் கற்றுக்கொடுப்பது ஓட்டத்தை. அல்பாகா அதை மிக நன்றாகக் கற்றுக்கொள்ளும்.

பட்டிக்குள் நேருக்கு நேர் போகாதீர்கள். கண்ணுக்குப் பின்னால், தோள் பக்கமாகப் போய் நில்லுங்கள். கட்டிப் பிடிக்க வேண்டாம். மெத்தென்ற கயிறு ஒன்றைக் கழுத்தின் மேல் தவழவிட்டு, அது நின்றதும் கழுத்தின் உச்சியில், தலையை ஒட்டி, இரண்டு கையையும் வளையல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வளையல் தொளதொளவென்று இருக்க வேண்டும். அது முன்னால் சாய்ந்தால் கை மெதுவாகத் தடுக்கும், நேராக நின்றால் கை தொட்டும் தொடாமலும் இருக்கும். நான்கு காலிலும் சமமாக நிற்கும் அல்பாகா சண்டை போடாது. தலையைத் தூக்கிப் பிடித்தீர்கள் என்றால் நிலை தடுமாறும், அப்புறம் எல்லாம் போராட்டம்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது, ஒரு முன்பல்லும் போனது (என் பல், அல்பாகாவினுடையது இல்லை. அதற்கு மேல்பக்கம் முன்பல்லே கிடையாது).

ஹால்ட்டர் போட முதல் நாள் ஐந்து நிமிடம். அது பார்க்கும் திசையிலேயே நீங்களும் நின்று, வளையத்தை மூக்குக்குக் கீழே அகலமாகத் திறந்து பிடித்து, மூக்கை அதுவே இறக்கும்வரை காத்திருங்கள். மாட்டியதும் கொஞ்சம் குதிரைமசால் வைக்கோல் போடுங்கள். மெல்லட்டும். கழற்றும்போதுதான் எல்லோரும் கெடுக்கிறார்கள்: கொக்கியை அவிழ்த்த நொடியில் தலையை உதறிக்கொண்டு ஓடவிடுவார்கள். கையை வளையலாக வைத்து, அது அமைதியாக ஒரு மூச்சு விட்டதும் நீங்கள் கையை எடுங்கள். இல்லையென்றால் அது கற்பது, உதறினால் விடுதலை.

பனிவயல், கிளிக்கர் பற்றி எனக்குச் சண்டை இருக்கிறது. தீவனம் கையிலிருந்து வேண்டாம். அதிலும் ரவை ஒரு கடாக்குட்டி.


பனிவயல் | மே 10, இரவு 9:20

அக்கா, கையிலிருந்து கொடுக்கச் சொல்லவில்லை, சின்னக் கிண்ணத்தில்தான் கொடுக்கிறேன். தீவனம் கேட்டு முட்டினால் கிளிக் கிடையாது. விதியைக் கண்டிப்பாக வைத்தால் அதுவும் மரியாதையாகத்தான் நிற்கிறது.


கேன்டர்பரி_அக்கா | மே 10, இரவு 9:31

உங்களுக்கு ஒன்பது லாமாவின் அனுபவம். இவருக்கு இதுதான் முதல் தடவை. விதியைக் கண்டிப்பாக வைக்கத் தெரியாதவர் கையில் தீவனம் ஆபத்து. நான் வேலை முடிந்து தொட்டியில் போடுகிறேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து.


பனிவயல் | மே 10, இரவு 9:48

சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

ஆனால் கடாக்குட்டி என்று சொன்னீர்களே, அதற்கு முழு ஒப்புதல். யார்ரா, இதைக் கட்டாயம் படியுங்கள். நான் முதன்முதலில் வாங்கிய லாமா புட்டிப்பாலில் தனியாக வளர்ந்தது. ஒரு வயது வரை நாய்க்குட்டி மாதிரி, மடியில் தலையை வைக்கும், சாய்ந்து நிற்கும், வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வயது தாண்டியதும் ஒரு நாள் தண்ணீர் ஊற்றப் போன என் மார்பில் வந்து மோதியது. அதைப் பொறுத்தவரை நான் மனிதன் இல்லை, எல்லை தாண்டி வந்த இன்னொரு கடா. அந்த வயதில்தான் சண்டைப் பற்களும் வரும், மேலே நான்கு, கீழே இரண்டு, சவரக்கத்தி மாதிரி. காயடித்தும் முழுதாக மாறவில்லை, தாமதம். கடாக்குட்டி தானாக வந்து உங்கள் மேல் உரசினால், முகத்தோடு முகம் வைத்தால், அதை ரசிக்காதீர்கள். நகர்ந்து போங்கள். பயமும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம்.


நொய்யல்காரன் | மே 10, இரவு 10:30

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மூக்கைத் தொடாதே, இழுக்காதே, கட்டாதே, கொஞ்சாதே, தீனி கொடுக்காதே. அப்புறம் எப்படித்தான் அது நடக்கும்? நாட்டை விட்டுப் போனதும் எல்லோருக்கும் மனசு இளகிவிடுகிறது போல. வண்டி மாட்டை இந்தக் கணக்கில் பழக்கினால் அது வண்டியைப் பார்ப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும்.


யார்ரா_கரை | மே 11, காலை 7:02

அக்கா, விரல் வைத்துப் பார்த்தேன். எலும்பு முடிகிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே என் பட்டை இருந்திருக்கிறது. இரண்டு விரல். பெண் குட்டியின் தலை கொஞ்சம் பெரிது, அதற்கும் அந்த ஹால்ட்டர் மேலே ஏறவில்லை, நீங்கள் சொன்னதுபோல மூக்கு வளையம் முட்டுகிறது. இரண்டையும் கோழிக்கூண்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூக்கு வளையத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற வகை ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது முனகியபோது 'பழகிவிடும்' என்று நினைத்தேன்.

@நொய்யல்காரன் அண்ணா, நானும் ஈரோட்டுப் பக்கம்தான். நீங்கள் கேட்டதுதான் என் கேள்வியும், எப்படி நடக்கும்?


உயுனி_உப்பு | மே 11, மதியம் 1:20

குறுக்கே வருகிறேன். வேலை நிமித்தம் பொலிவியாவில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே லாமா வரிசையாகப் போவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எதற்கும் முகத்தில் கயிறே இருக்காது. முன்னால் போகும் ஒன்றிரண்டு மூத்த கடாக்களுக்கு மட்டும் மணியும் காதில் வண்ணக் கம்பளிக் குஞ்சமும். மற்றவை அதன் பின்னால். மேய்ப்பர் பின்பக்கம் நடந்து வருவார், வாயால் சீழ்க்கை, கையில் கவண். உயுனி உப்புப் பாலைவனத்திலிருந்து உப்புக் கட்டியைச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்குக்குப் போய்ச் சோளம் மாற்றி வருவார்கள் என்று முதியவர்கள் சொல்வார்கள், இப்போது லாரி வந்துவிட்டது. இளசுகளை முதலில் வெறுமனே கூட நடக்க விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றுவார்கள். பழக்குவது பெரும்பாலும் மூத்த லாமா, மனிதர் இல்லை.


கேன்டர்பரி_அக்கா | மே 11, மாலை 5:45

@உயுனி_உப்பு, அருமை. யார்ராவின் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

உங்கள் மூன்று பெண்களில் ஹால்ட்டர் பழகியது எது? இருந்தால் அதை உங்கள் மனைவி முன்னால் நடத்திப் போகட்டும். இரண்டு பக்கமும் வேலி உள்ள சந்து மாதிரி ஓர் இடம் இருந்தால் நல்லது. மிளகுக்கு ஹால்ட்டர் போட்டு, மூன்று மீட்டர் கயிறு, நீங்கள் பக்கவாட்டில் கொஞ்சம் முன்னால், இரண்டு மீட்டர் தள்ளி. கயிறு தொய்ந்து தரையைப் பார்க்க வேண்டும். திரும்பி முகத்தைப் பார்க்காதீர்கள். மூத்தவள் நகர்ந்ததும் மிளகுக்குப் போகத் தோன்றும். அந்தத் தோன்றல்தான் உங்கள் கருவி. நான்கு அடி வந்தால் நில்லுங்கள், போதும், பாராட்டி மறுபடி நான்கு அடி. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பதினைந்தைத் தாண்டாதீர்கள். நன்றாக நடக்கும்போதே நிறுத்துங்கள், 'இன்னும் ஒரு சுற்று' என்ற ஆசைதான் நாசம்.

படுத்துக்கொண்டால்: கயிற்றை முழுக்கத் தளர்த்துங்கள். தூக்காதீர்கள், தட்டாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். இரண்டடி பின்னால் போய் வேறு எதையாவது பாருங்கள். மூத்தவள் நான்கடி தள்ளிப் போகட்டும். எழுந்துவிடும். எழவில்லையென்றால் அன்றைக்கு உங்கள் கேள்வி அதற்குப் பெரிதாகிவிட்டது, நாளைக்குச் சின்னதாகக் கேளுங்கள்.


நொய்யல்காரன் | மே 12, காலை 5:50

இரவு தூக்கம் வரவில்லை, இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியது முழு உண்மை இல்லைங்க. மூக்கணாங்கயிறு போடுவது கன்றுக்கு ஒன்றரை, இரண்டு வயது ஆன பிறகு. அதற்கு முன்னால் ஒரு வருடத்துக்கு மேல் கழுத்தில் வெறும் தும்புக் கயிறுதான் இருக்கும். அய்யன் காலையில் தாய்ப்பசுவைக் காட்டுக்கு ஓட்டும்போது கன்றைக் கயிற்றோடு என் கையில் கொடுப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. இழுக்கக் கூடாது, பிடித்துக்கொண்டு மட்டும் வா என்பார். நான் எங்கே கன்றை நடத்தினேன், பசுவின் பின்னால் அது போகும், அதன் பின்னால் நான் போவேன். புதுக் காளையை வண்டியில் பூட்டும்போதும் பழகின கிழட்டுக் காளையோடுதான் ஜோடி சேர்ப்பார். அந்தப் பொலிவியா ஐயா எழுதியதைப் படித்ததும் இதெல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் துள்ளல் மட்டும்தான் மனசில் நின்றிருக்கிறது, அதற்கு முந்தின ஒரு வருடத்தை மறந்துவிட்டேன்.

கட்டிப்போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தீனி விஷயத்தில் பனிவயல் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, பருத்திக்கொட்டை காட்டாமல் எந்தக் காளை வந்தது.


பனிவயல் | மே 12, காலை 8:10

ஒரு ஓட்டு எனக்கு. நன்றிங்கண்ணா.


யார்ரா_கரை | ஜூன் 1, இரவு 9:35

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புது ஹால்ட்டர் வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் பட்டி கட்டினேன், வீடு மாறியபோது மிஞ்சிய பலகைத் தட்டிகளை வைத்து. பார்க்க அசிங்கம், ஆனால் ஐந்தும் உள்ளே போய் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, ஓட்டமே இல்லை. இத்தனை நாள் ஏக்கர் கணக்கில் துரத்தியதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

மிளகுக்கு மூன்றாம் நாளே மூக்கை வளையத்துக்குள் இறக்கத் தெரிந்துவிட்டது. நடை, முதல் நாள் நான்கு அடி, இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை, மூன்றாம் நாள் வேலிச் சந்தின் கடைசி வரை. மூத்தவள் மல்லி முன்னால் போனாள், அவளுக்கு யாரோ எப்போதோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள், கயிறு தொய்வாகவே இருக்கிறது. நேற்று பாலைக் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தை மாதிரி மிளகு என் தோளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள், நான் என் மனைவியைக் கூப்பிடத் திரும்பினேன், உடனே நின்றுவிட்டாள். முகத்தைப் பார்க்காதே என்று அக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

ரவைக்கு நடையே தொடங்கவில்லை. வெறும் வளையல் பிடி, கழுத்தில் கயிறு, விடுவது. முதல் வாரம் நான் பட்டிக்குள் போனாலே முனகினான். இப்போது முனகல் குறைந்திருக்கிறது, ஆனால் வலது கையில் எதைக் கொண்டுபோனாலும் பின்வாங்குகிறான். அன்றைக்கு வலது கையில்தான் இழுத்தேன்.


வேல்ஸ்_வெட் | ஜூன் 1, இரவு 10:20

அப்படியானால் கொஞ்ச நாளைக்கு எல்லாவற்றையும் இடது கையில் செய்யுங்கள். வைட்டமின் டி என்ன ஆயிற்று?


யார்ரா_கரை | ஜூன் 1, இரவு 10:41

போட்டாயிற்று. வெட் வந்தார், பட்டிக்குள் மற்ற நான்கும் சுற்றி நிற்க, நான் வளையல் பிடித்தேன், இரண்டு நிமிட வேலை. ரவை துப்பினான், என் மேல் இல்லை, வெட் மேல்.


கேன்டர்பரி_அக்கா | ஜூன் 2, காலை 6:15

அது முன்னேற்றம்தான்.

ஜூலைக்கு முன்னால் ரவைக்கு ஹால்ட்டர் வேண்டாம். போடும் முதல் நாள் மூக்குப் பட்டையின் அளவை மறுபடி பாருங்கள், இந்த வயதில் ஆறு வாரத்தில் தலை மாறிவிடும், மே மாதம் வைத்த துளையில் ஜூலையில் மாட்டாதீர்கள். மிளகுக்கும் அப்படியே.


நொய்யல்காரன் | ஜூன் 2, காலை 7:00

அக்கா, ஒரு சந்தேகம். வீட்டில் ஒரு செவலைக் கிடேரிக்கு முகக்கயிறு போட்டிருக்கிறது. நேற்று அதன் மூக்கிலும் விரல் வைத்துப் பார்த்தேன். எலும்பு முடிகிற இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில்தான் கயிறு நிற்கிற மாதிரி தெரிகிறது. மாட்டுக்கும் இது கணக்கா?


கேன்டர்பரி_அக்கா | ஜூன் 2, காலை 7:12

மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதுங்கண்ணா, வேல்ஸ் தம்பிதான் சொல்ல வேண்டும்.


வேல்ஸ்_வெட் | ஜூன் 2, காலை 11:30

மாட்டுக்கும் அந்த இடம் மெத்தென்றுதான் இருக்கும், இறுக்கினால் வலிக்கும். இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டுங்கள். முகம் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.